அண்ணன் சம்மதிக்கட்டும்

மதுரை
4 மார்ச் 2024

இயேசு மரி சூசை

அன்புள்ள பாஸ்கல் மாமாவுக்கு,

உங்கள் தங்கை மெட்டில்டாவின் மகள் விஜிலா எழுதுவது. நீங்கள் நல்ல சுகத்தோடு இருக்க மாதாவிடம் வேண்டிக்கொள்கிறேன். பிறந்ததிலிருந்து உங்களை நான் பார்த்ததில்லை. முதல் கடிதமே இப்படி ஒரு கடிதமாகப் போகிறது, மன்னிக்க வேண்டும். சங்கு குளித்ததில் உங்கள் காது போய்விட்டது, போனில் பேச முடியாது என்று அம்மா எப்போதோ சொன்னது நினைவிருந்ததால் எழுதுகிறேன். முகவரியும் அம்மா முன்பு சொன்னதுதான். கதவு எண் உட்பட மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறாள்.

அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு அம்மா மெல்ல மெல்லப் பேச்சை விட்டாள், பிறகு சாப்பாட்டை. முப்பத்திரண்டு வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக வார்டு வார்டாக நடந்தவள் இப்போது கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கிறாள். எடை நாற்பத்தொரு கிலோ. மூன்று வகை மாத்திரை மாற்றிப் பார்த்தாகிவிட்டது. இனி ஷாக் சிகிச்சைதான் பலன் தரும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து என்கிறார் டாக்டர்.

அம்மாவிடம் கேட்டேன். பத்து நாளில் அவள் வாயிலிருந்து வந்தது இரண்டே சொல்: "அண்ணன் சம்மதிக்கட்டும்."

நீங்கள் இருவரும் எதனால் பேசுவதில்லை என்று எனக்கு முழுதாகத் தெரியாது. உங்கள் தம்பி குருசு மாமாவின் சாவில் ஏதோ மனஸ்தாபம் என்பது மட்டும் தெரியும். பழையதைக் கிளற வரவில்லை. ஒரு வரி போதும் மாமா. "சம்மதம்" என்று உங்கள் கையால் எழுதி அனுப்பினால் அம்மாவிடம் காட்டுவேன்.

தங்கள் ஆசீரை வேண்டும்,
விஜிலா

*

தூத்துக்குடி
11.03.2024

இயேசு மரி சூசை

பெறுநர்: மருமகள் விஜிலா, மதுரை.
பொருள்: மின் அதிர்ச்சிக்குச் சம்மதம் கேட்டது தொடர்பாக.
பார்வை: உன் 04.03.2024 நாளிட்ட கடிதம்.

சர்வேசுரனுக்குத் தோத்திரம். நான் சுகம். உன் அத்தை போய் ஆறு வருஷம். மகன் கப்பலில். வீட்டில் நான் ஒருவனே. காதைத் தவிர உடம்பில் குறை இல்லை. அந்தக் காதுக்கு ஊனச் சான்றிதழ் கேட்டு பத்தொன்பது வருஷமாக மனு எழுதி வருகிறேன். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன் மனு எழுதி எழுதியே இந்தத் தமிழைக் கற்றுக்கொண்டேன். ஆகையால் என் கடிதமும் மனு மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்.

சம்மதம் இல்லை.

காரணம் சொல்கிறேன். 1987 பிப்ரவரியில் உன் குருசு மாமாவுக்கு, என் தம்பிக்கு, கடற்கரையை விட்டு உள்ளே ஓர் ஊரில் ஷாக் வைத்தார்கள். அவனுக்கு முப்பது வயது. ஒன்பது பாகம், அதாவது ஒன்பது ஆள் ஆழத்தில் தரையைத் தடவிச் சங்கெடுத்தவன். மயக்க மருந்து கிடையாது. வாயில் துணியைத் திணித்தார்கள். நாலு பேர் கையையும் தோளையும் அமுக்கினார்கள். ஆள் போதவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். அவன் காலைப் பிடித்தது நான். கரண்ட் ஏறியபோது அந்தக் கால் என் நெஞ்சில் விட்ட உதை இன்றைக்கும் எனக்குத் தெரியும். நாலு தடவை வைத்தார்கள். முதுகெலும்பு நொறுங்கியது. அதன் பிறகு அவன் கடலில் இறங்கவில்லை. ஷாக் வைத்ததிலிருந்து எட்டாம் மாதம் செத்தான்.

அங்கே அவனைக் கொண்டுபோனது உன் அம்மா. அப்போதுதான் நர்ஸ் படிப்பு முடித்திருந்தாள். எனக்கு எல்லாம் தெரியும் என்று நின்றாள். காகிதத்தில் கையெழுத்துப் போட்டதும் அவள்தான். என்னிடம் கேட்கவில்லை. முப்பத்தேழு வருஷம் கழித்து இப்போது கேட்கிறாள்.

என் தங்கைக்கு அது நடக்க விடமாட்டேன். கஞ்சியில் பாசிப்பருப்பு கரைத்துக் கொடு. அவளுக்குச் சின்ன வயதில் அது பிடிக்கும். எடையை வாராவாரம் எனக்கு எழுது.

பதில் தேவை.

பாஸ்கல்

*

மதுரை
20 மார்ச் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகளின் தோத்திரம். உங்கள் கடிதத்தை இரண்டு நாள் கையில் வைத்திருந்தேன். அம்மாவிடம் காட்டவில்லை. பாசிப்பருப்புக் கஞ்சி நாலு கரண்டி இறங்கியது. உங்கள் பெயரைச் சொல்லித்தான் ஊட்டினேன்.

நீங்கள் எழுதியதை டாக்டரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் மறுக்கவில்லை. "அப்படித்தான் செய்தார்கள், வெட்கப்பட வேண்டியது" என்றார். இப்போது மயக்க மருந்து இல்லாமல் வைப்பதைச் சட்டமே தடுத்துவிட்டது. முதலில் ஊசி போட்டுத் தூங்க வைப்பார்கள். பிறகு தசையைத் தளர்த்த இன்னொரு மருந்து. அதனால் உடம்பு துள்ளாது, எலும்பு உடையாது, கால் விரல் மட்டும் லேசாக அசையும். மூளைக்குள் ஒரு வலிப்பு ஒரு நிமிஷத்துக்குள் வந்து அடங்கும். அந்த வலிப்புதான் மருந்து. ஏன் வேலை செய்கிறது என்று முழுதாக யாருக்கும் தெரியாது, செய்கிறது என்பது தெரியும் என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. கெடுதலையும் மறைக்கவில்லை. தலைவலி, தாடைவலி வரும். சிகிச்சை நடக்கும் வாரங்களும் அதற்கு முந்திய சில வாரங்களும் நினைவிலிருந்து போகலாம். சில திரும்பி வரும், சில வராது.

இன்னொன்று. அம்மா இரவு தூக்க மாத்திரை போட்டு வந்திருக்கிறாள், எனக்கே தெரியாமல், பல வருஷமாக. அது வலிப்பை அமுக்குமாம். அதனால் ஷாக்குக்கு முன்னால் குறைக்க வேண்டும். ஆனால் ஒரேயடியாக நிறுத்தக்கூடாது, வாரத்துக்குக் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். பழகிய மூளைக்குச் சட்டென்று நிறுத்தினால் தானாகவே வலிப்பு வரும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும் என்றார். குடியும் அப்படித்தானாம்.

மாமா, ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். குருசு மாமாவை எதற்காக அங்கே கொண்டுபோனார்கள்? அதற்கு முன்னால் அவருக்கு என்ன ஆனது? அம்மாவிடம் கேட்டால் "நான்தான் கையெழுத்துப் போட்டேன்" என்பதைத் தவிர ஒன்றும் சொல்லமாட்டாள். தூக்கத்திலும் அதையே சொல்கிறாள்.

நாற்பது கிலோ.

அன்புடன்,
விஜிலா

*

தூத்துக்குடி
02.04.2024

பெறுநர்: மருமகள் விஜிலா.
பொருள்: விளக்கம் கேட்டது.
பார்வை: உன் 20.03.2024 நாளிட்ட கடிதம்.

சர்வேசுரனுக்குத் தோத்திரம். சுகம். உன் சுகமும் அறிய ஆவல்.

அவனுக்குப் புத்தி பிசகியது. அதனால் கொண்டுபோனார்கள்.

டாக்டர் சொல்வதை அப்படியே நம்புகிற வழக்கம் எனக்கில்லை. நானே விசாரிக்கிறேன். எங்கள் தெருமுனையில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் லிங்கராஜ் படித்தவன், பொய் சொல்லமாட்டான். ஒரே தொல்லை, எனக்குக் கேட்க வேண்டுமென்றால் அவன் கத்த வேண்டும். நேற்று மத்தியானம் போய், குடியைச் சட்டென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"யாருக்கு அண்ணாச்சி? நீங்க எப்பம் ஆரம்பிச்சிய?"

"ஒரு ஆளுக்கு. கேட்டதுக்குப் பதில் சொல்லுலே."

கடைக்குள் ஆறேழு பேர். அவன் கல்லாவை விட்டு எழுந்து நின்று கத்தினான்: "மூளைக்கு ஒரு பிரேக் உண்டு அண்ணாச்சி. சாராயம் உள்ள போயி அந்தப் பிரேக்க மிதிச்சுக்கிட்டே கிடக்கும். மூளை சும்மா இருக்குமா? வண்டி ஓடணும்லா? ஆக்ஸிலேட்டரக் கூட்டிக் கூட்டிப் பழகிரும். இப்பம் திடீர்னு சாராயத்த நிப்பாட்டுனா, பிரேக் போயிரும், ஆக்ஸிலேட்டர் மட்டும் நிக்கும். மொத நாளு கை நடுக்கம். ரெண்டாம் நாளு வலிப்பு. மூணாம் நாளு சுவத்துல பூச்சி ஓடுதும்பான், இல்லாத ஆளுகிட்டப் பேசுவான். சனங்க பைத்தியம்னு நெனச்சிருவாங்க. பைத்தியம் இல்ல அண்ணாச்சி, ஆஸ்பத்திரியில வச்சு மருந்து கொடுத்து மெல்ல எறக்குனா அஞ்சாறு நாள்ல சரியாயிரும்."

வரிசையில் நின்ற மீன்காரி பேச்சிச்செல்வி, "இத எங்க வீட்டு ஆளுக்கும் இதே சத்தத்துல சொல்லுங்க. அவரு காதும் இவுக காது மாதிரிதான், என் வார்த்தைக்கு மட்டும் அடைச்சிக்கிடும்" என்று என் பக்கம் திரும்பிச் சொன்னாள். எனக்காகவே சொன்னதால் அதுவும் கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள். இடுப்பில் குவார்ட்டர் செருகியிருந்த ஒருவன் மருந்து வாங்காமலே நழுவினான்.

தூக்க மாத்திரை எப்படி என்று கேட்டேன். "அதுவும் அதே பிரேக்குதான் அண்ணாச்சி. அதுனாலதான் குடிய நிப்பாட்ட அந்த மாத்திரையவே குடுத்து எறக்குதாவ. ஆனா குடிச்சிருக்கவனுக்கு மாத்திரையக் குடுத்திராதிய. ரெண்டும் சேந்தா மூச்சுக்கே பிரேக்கு. தூங்குனவன் எந்திரிக்க மாட்டான்."

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. மீதியை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

பாஸ்கல்

*

மதுரை
30 ஏப்ரல் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

தோத்திரம். மீதியை எழுதுவதாகச் சொல்லியிருந்தீர்கள். நான்கு வாரம் ஆகிறது. நடுவில் நான் போட்ட இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. உங்களுக்கு உடம்புக்கு ஏதும் இல்லையே?

இங்கே செய்தி நன்றாக இல்லை. அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டேன். மூக்கு வழியாகக் குழாய் போட்டு ஆகாரம் போகிறது. முப்பத்தெட்டு கிலோ. ஊசி போட வருகிற பெண்பிள்ளைகளுக்கு அம்மா கையில் நரம்பு கிடைப்பதில்லை. எத்தனை பேருக்கு நரம்பு தேடிக் கொடுத்த கை!

தூக்க மாத்திரை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து இப்போது நின்றுவிட்டது. ஒரு நடுக்கமும் வரவில்லை. ஷாக்குக்கு எல்லாம் தயார். நிலைமை இன்னும் மோசமானால் என் கையெழுத்தே சட்டப்படி போதும் என்கிறார்கள். ஆனால் குருசு மாமாவுக்கு அம்மா போட்டது போல நானும் அம்மாவுக்குப் போட வேண்டுமா? அதை நினைத்தால் பேனா எடுக்க முடியவில்லை.

நீங்கள் "முடியாது" என்று சொன்னதையே இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை. தபால் வரவில்லை என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். கதவு திறக்கும்போதெல்லாம் கண் அங்கே போகிறது. அந்த ஓர் அசைவுதான் மிச்சம்.

விஜிலா

*

தூத்துக்குடி
09.05.2024

பெறுநர்: மருமகள் விஜிலா.
பொருள்: சம்மதம்.

இயேசு மரி சூசை.

சம்மதம்.

ஆனால் இதைத் தாளில் பார்த்து அவள் கையெழுத்துப் போட வேண்டாம். நான் நேரில் வந்து சொல்கிறேன். 14ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். அவளிடம் எனக்குப் பேச வேண்டியது இருக்கிறது. அப்போது நீ உள்ளே இருக்கக்கூடாது. டாக்டரும் கூடாது.

குழாயை எடுத்தபிறகு அவள் மக்ரூன் சாப்பிடலாமா என்று கேட்டு வை. வாயில் வைத்தால் கரைந்துவிடும், மெல்ல வேண்டியதில்லை.

பாஸ்கல்

*

மதுரை
3 ஜூன் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகளின் தோத்திரம். ஊர் போய்ச் சேர்ந்த களைப்பெல்லாம் தீர்ந்திருக்கும் என்று நம்புகிறேன். வெள்ளைச் சட்டை, கையில் மக்ரூன் பெட்டி, காலில் ரப்பர் செருப்பு. அம்மாவின் மூக்கு அப்படியே உங்களிடம். வார்டு வாசலில் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டேன். நீங்கள்தான் என்னைப் பார்த்து, "ஏளா, நீதானா? ஒல்லிக்குச்சியா இருக்க, உனக்கும் குழாய் போடணும் போலிருக்கே" என்றீர்கள். ஒரு மாதத்தில் அன்றைக்குத்தான் சிரித்தேன்.

நீங்கள் ஒரு மணிநேரம் உள்ளே இருந்தீர்கள். உங்களுக்குக் காது கேட்காததால் மெதுவாகப் பேசத் தெரியாது என்று பயந்து நான் வராந்தாவின் கடைசி வரைக்கும் போய் நின்றுகொண்டேன். ஒன்றும் என் காதில் விழவில்லை. திரும்பி வந்தபோது அம்மா எழுந்து உட்கார்ந்திருந்தாள். உங்கள் மணிக்கட்டு அவள் கையில் இருந்தது. நர்ஸ் நாடி பார்ப்பது போல.

மறுநாள் காலையில் "பேப்பர் கொண்டா" என்று அவளே கேட்டாள். கையெழுத்துப் போட்டாள்.

20ஆம் தேதி தொடங்கினார்கள். இதுவரை ஆறு முடிந்தது. முதல் நாள் உள்ளே விடும்படி கெஞ்சினேன். விட்டார்கள். ஊசி போட்டதும் தூங்கிவிட்டாள். பல் கடிபடாமல் ரப்பர் கட்டை வைத்தார்கள். இடது காலின் பெருவிரல் துடித்தது. மீனுக்குத் தூண்டில் நரம்பு துடிக்குமே, அந்த அளவுதான். யாரும் காலைப் பிடிக்கவில்லை மாமா. பிடிக்கத் தேவையே இருக்கவில்லை.

நாலாவது முடிந்த அன்று கஞ்சி கேட்டாள். ஐந்தாவதுக்குப் பிறகு குழாயை எடுத்துவிட்டார்கள். நேற்று என் தலையைப் பார்த்து, "இது என்ன ஜடையாளா, கயிறா?" என்று அவிழ்த்துப் பின்னிவிட்டாள். சில நேரம் என்ன கிழமை, எந்த ஊர் என்று குழம்புகிறாள். அது போய்விடும் என்கிறார்கள்.

நீங்கள் அப்படி என்னதான் சொன்னீர்கள்?

அன்புடன்,
விஜிலா

*

தூத்துக்குடி
12.06.2024

பெறுநர்: மருமகள் விஜிலா.
பொருள்: உன் கடைசிக் கேள்வி.

சர்வேசுரனுக்குத் தோத்திரம். சுகம். அவள் ஜடை பின்னியதை மூன்று முறை வாசித்தேன்.

நான் சொன்னது எனக்கும் என் தங்கைக்கும் உள்ள காரியம். தெரிய வேண்டியவளுக்குத் தெரியும். அவளுக்கு எழுத முடிந்தால் அவள் கையாலேயே எனக்கு ஒரு கடிதம் போடச் சொல். அவளுக்கு என் பேரில் இன்னும் கோபம் இருந்தால் அதையும் எழுதலாம். அவளிடமிருந்து எதுவானாலும் எனக்கு வேண்டும்.

பதில் தேவை.

பாஸ்கல்

*

மதுரை
8 ஜூலை 2024

இயேசு மரி சூசை

என் அன்புள்ள பாஸ்கல் அண்ணனுக்கு,

தங்கை மெட்டில்டா பாதம் தொட்டு எழுதுவது. சர்வேசுரனுக்குத் தோத்திரம். நான் இப்போது நல்ல சுகம். வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. மொத்தம் ஒன்பது தடவை வைத்தார்களாம். நாற்பத்து மூன்று கிலோ. தாடை மட்டும் கொஞ்சம் வலிக்கிறது. உங்கள் சுகத்தை அறிய ஆவல். அண்ணி போய்விட்டதே எனக்கு இப்போதுதான் தெரியும்.

அண்ணா, ஈஸ்டர் எப்போது வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. மார்ச் மாதத்தில் தலையணை உறையில் இருந்த பூப்படம் நினைவிருக்கிறது. அடுத்த நினைவு, ஆஸ்பத்திரி ஜன்னலில் ஒரு காக்கை. நடுவில் உள்ளது இல்லை. பயப்படவில்லை, எத்தனையோ நோயாளிகளை இப்படிப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து என் பையைப் பிரித்தால் அடியில் நம் ஊர் மக்ரூன் பெட்டி. ஏழு மிச்சம் இருந்தது. யார் கொண்டுவந்தது என்று விஜிலாவைக் கேட்டேன். நீங்கள் என்கிறாள். என் பக்கத்தில் ஒரு மணிநேரம் உட்கார்ந்து பேசினீர்கள் என்கிறாள். இத்தனை வருஷம் காத்திருந்தது வந்தபோது நான் வீட்டில் இல்லாததுபோல் இருக்கிறது அண்ணா.

நீங்கள் வந்ததாலேயே எனக்குத் தைரியம் வந்து இதை எழுதுகிறேன். குருசு விஷயத்தில் என்னை மன்னிக்க வேண்டும். நான் கையெழுத்துப் போட்டிருக்காவிட்டால் அவன் முதுகு உடைந்திருக்காது, அப்படிச் செத்திருக்கவும் மாட்டான். படித்துவிட்டேன் என்ற கர்வத்தில் உங்களைக் கேட்காமல் போட்டேன். நான்தான் அவனைக் கொன்றேன் என்று தினமும் சர்வேசுரனிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன். நீங்கள் என்னை அந்தச் செத்த வீட்டுக்குள் விடாதது சரிதான்.

நீங்கள் வந்தபோது அதைத்தான் சொன்னீர்களா? மன்னித்தீர்களா? எனக்கு அது போய்விட்டது. தயவுசெய்து எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
மெட்டில்டா

*

தூத்துக்குடி
15.07.2024

பெறுநர்: விஜிலா.
பொருள்: ஆட்சேபணை.

உன் அம்மாவின் கடிதம் வந்தது. அவளுக்கு எழுதவில்லை, உனக்கு எழுதுகிறேன்.

எழுபத்திரண்டு வயதில் மூன்று மணிநேரம் பஸ்ஸில் வந்து, ஆயுசில் ஒருமுறை சொல்ல முடிகிற ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனேன். உங்கள் டாக்டர் அதை அழித்துவிட்டார். ஆஸ்பத்திரியில் வைத்துவிட்டுப் போன குடையைத் தேடித் தருவதுபோல் அதையும் தேடித் தரச் சொல். இரண்டாம் முறை என்னால் ஆகாது. அவள் சுகமாக இருக்கிறாள், அது போதும்.

பாஸ்கல்

*

மதுரை
24 ஜூலை 2024

அன்புள்ள மாமாவுக்கு,

தோத்திரம். டாக்டரைக் கேட்டேன். அந்த வாரங்கள் திரும்பி வரும் என்று சொல்வதற்கில்லை என்றார்.

அம்மா சுகமாக இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று நாளாக ராத்திரி தட்டில் பாதி அப்படியே இருக்கிறது. தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலில் நிற்கிறாள். "அண்ணன் மன்னிச்சிருக்க மாட்டாரு. மன்னிச்சிருந்தா எழுதியிருப்பாருல்லா" என்கிறாள். நோயை ஷாக் எடுத்துவிட்டது மாமா. இதை அது எடுக்காது.

அந்த ஒரு மணிநேரம் உலகத்தில் இரண்டு பேரிடம்தான் இருந்தது. இப்போது உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது.

விஜிலா

*

தூத்துக்குடி
6 ஆகஸ்ட் 2024

இயேசு மரி சூசை

ஏளா மெட்டில்டா,

நேற்று மாதா திருவிழா முடிந்தது. கூட்டத்தில் நின்றேன். சப்பரம் அசைவது கண்ணுக்குத் தெரிந்தது, வெடிச்சத்தம் நெஞ்சுக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து இதை எடுத்தேன். நாலு தாளைக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

நீ மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். அதைத் திருப்பி அனுப்புகிறேன். அது உன்னுடையது இல்லை.

ஆஸ்பத்திரியில் உன்னிடம் சொன்னதை முதலில் சொல்கிறேன். குருசுக்குப் புத்தி பிசகவில்லை. நான் அவனைச் சங்கு குவித்து வைக்கும் கொட்டடியில் போட்டுப் பூட்டினேன். குடியை நிறுத்த வேண்டும் என்று. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் சபதம் போட்டிருந்தேன், என் தம்பியை ஒரு வாரத்தில் மனுசனாக்கிக் காட்டுகிறேன் என்று. சோறும் தண்ணீரும் வைத்தேன். முதல் நாள் கை நடுங்கியது. இரண்டாம் நாள் வலிப்பு வந்தது, நடிக்கிறான் என்றேன். மூன்றாம் நாள் சுவரெல்லாம் நண்டு ஏறுகிறது என்று கத்தினான். அப்போதுதான் ஊரைக் கூட்டி, புத்தி பிசகிவிட்டது என்று சொன்னேன். பூட்டியதைச் சொல்லவில்லை. நீ வந்தாய். உனக்கு நான் சொன்ன பொய்யை வைத்து நீ செய்யக்கூடியதைச் செய்தாய். ஷாக் வைத்த ஆஸ்பத்திரியிலும் அதே பொய்யைத்தான் சொன்னேன். உண்மையைச் சொல்லியிருந்தால் வேறு மருந்து கொடுத்திருப்பார்கள்.

எனக்கு ஏன் உறைக்கவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். காற்றுக் குழாயோடு இறங்கி வெகுநேரம் கீழே கிடந்தவன் சட்டென்று மேலே வந்தால் மூட்டில் வாயு பிடித்துச் சுருண்டுவிடுவான். அப்படி ஆனவனை மறுபடி கீழே இறக்கி, நின்று நின்று மெல்ல ஏற்ற வேண்டும். குருசே எனக்கு ஒருமுறை அப்படிச் செய்து உயிர் கொடுத்தான். அவனோடு இறங்கியவனுக்குத் தெரிந்தது, அவனைப் பூட்டியவனுக்குத் தெரியாமல் போனது. எட்டு வருஷம் குடியில் கிடந்தவனை ஒரே இழுப்பாக மேலே இழுத்தேன்.

இதைச் சொன்னபோது நீ ஒன்றே ஒன்று கேட்டாய். "அவன் கதவத் தட்டுனானாண்ணே?" என்றாய். எனக்குக் கேட்க வேண்டும் என்று என் காதருகே வந்து கேட்டாய். தட்டினான் என்றேன். அப்போது எனக்குக் காது நன்றாகக் கேட்கும் மெட்டில்டா.

பிறகு நீ ஒரு மக்ரூனை எடுத்து, வாயில் வைக்கப் பார்த்தாய். குழாய் இருக்கிறது என்று தடுத்தேன். என் வாயில் வைத்தாய். நீ மறந்துவிட்டாய் என்று வாசித்தபோது எனக்குப் பெரிய நஷ்டமாகத் தோன்றியது அதுதான். அதைத்தான் இரண்டாம் முறை வாங்க முடியாது என்று நினைத்தேன்.

இனி எழுதப்போவது அன்றைக்குச் சொல்லாதது.

ஷாக் வைத்துக் கொண்டுவந்த பிறகு அவனுக்கு ராத்திரிக்கு ஒரு தூக்க மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை அட்டை என் கையில் இருந்தது. முதுகு போனவன், கடலுக்குப் போக முடியாதவன், மறுபடி குடிக்கத் தொடங்கினான். அக்டோபரில் ஒரு சாயங்காலம் குடித்துவிட்டு வந்து வாசலில் நின்று, "எங்கள ஏம்ணே பூட்டுன, எங்கள ஏம்ணே பூட்டுன" என்று தெருவுக்கே கேட்கிறமாதிரி அழுதான். அவன் ஒருவன், எங்கள என்றான். யாரைச் சேர்த்துச் சொன்னான் என்று இன்றுவரை தெரியவில்லை. தெருவில் ஆள் கூடியது. அவன் வாயை மூட வேண்டும் எனக்கு. அட்டையிலிருந்து மூன்று மாத்திரை பிதுக்கிக் கொடுத்தேன். குடித்திருக்கிறான் என்று தெரியும். வாடை அடித்தது. "நீ தந்தா சரிதாண்ணே" என்று என் கையிலிருந்தே தண்ணீர் வாங்கிக் குடித்தான். காலையில் எழுப்பினேன்.

ரெண்டும் சேர்ந்தால் மூச்சு நிற்கும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. இந்த ஏப்ரலில் லிங்கராஜ் கத்திச் சொல்லித்தான் தெரியும். அப்படித்தான் இவ்வளவு நாள் எனக்கு நானே மனு எழுதிக்கொண்டேன். ஆனால் அன்று காலை, ஆட்கள் வருவதற்கு முன்னால், மீதி மாத்திரை அட்டையைக் கொண்டுபோய்க் கடலில் எறிந்தேன். ஒன்றும் தெரியாதவன் எதற்கு எறிகிறான்? பிறகு வாசலுக்கு வந்து, ஷாக் வைத்துக் கொன்றுவிட்டாள் என்று முதலில் சொன்னது நான். உன்னைச் செத்த வீட்டுக்குள் விடாமல் தடுத்ததும், நீ அவன் முகத்தைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவாய் என்றுதான். நீ நர்ஸ்.

உன் கையெழுத்து அவன் முதுகை உடைத்தது. அது உண்மை, அதை இல்லை என்று சொல்லமாட்டேன். அந்தக் காலத்தில் அதைத்தான் வைத்தியம் என்றார்கள். அவனைக் கொன்றது அது இல்லை.

ஆஸ்பத்திரியில் பாதியைச் சொல்லி முழு மன்னிப்பை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, தப்பித்தோம் என்று நினைத்ததும் உண்டு. அதை உன் மூளை வைத்துக்கொள்ளவில்லை. வேகமாக ஏறிவிட்டேன். மறுபடி இறங்கியிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தைக் கிழிக்காதே. விஜிலாவும் வாசிக்கட்டும். உனக்கு மறுபடி ஷாக் வைக்க வேண்டி வந்தால் என்னிடம் கேட்க வேண்டாம், போய் வைத்துக்கொள். இது மறந்துபோனால் எனக்கு எழுது. நான் உயிரோடு இருக்கும்வரை திரும்பத் திரும்ப முழுதாகச் சொல்கிறேன்.

இதற்குப் பதில் கேட்கவில்லை. ராத்திரி தட்டில் பாதி வைக்கிறாயாமே. அதை மட்டும் செய்யாதே.

பாஸ்கல்